தட்டில் உமி மட்டும் இருக்கிறதா, பார்

அன்புள்ள செல்விக்கு,

தோட்டத்துக்கு வரும் பறவைகளின் பெயர் தெரியவில்லை என்று கேட்டிருந்தாய். பெயர் மெல்லத் தெரிந்துகொள்ளலாம், கண்ணு. எப்படித் தின்கிறது என்று முதலில் பார்.

காலை 6 மணியிலிருந்து 8 மணிக்குள், ஒரே இடத்தில் 15 நிமிடம் அசையாமல் உட்கார். தட்டில் கம்பும் தினையும் சேர்த்து ஒரு கைப்பிடி வைத்தால் போதும், ஒரு மணி நேரத்தில் தீர்ந்துவிட வேண்டும். மிஞ்சினால் பகலில் மாடப்புறாக் கூட்டம் சேரும், இரவில் எலி வரும். நனைந்த தானியத்தில் பூஞ்சை பிடிக்கும், பறவைக்கு ஆகாது, கொட்டிவிடு. தினை உமியோடு இருக்கட்டும்; கடையில் சமையலுக்கு விற்பது உமி நீக்கித் தீட்டிய தினையரிசி.

உமி எதற்கென்றால், சிட்டுக்குருவியைப் பார்க்கத்தான். மணியை அலகின் ஓரத்தில் வைத்து நாக்கால் உருட்டும். உமி உதிரும், அரிசி உள்ளே போகும். தட்டு நிறைந்திருப்பதுபோலத் தெரியும். ஊதிப் பார்த்தால் அத்தனையும் உமி. பக்கத்திலேயே புள்ளிப்புறா மணியை முழுசாக விழுங்கும். அது விழுங்கி வைத்திருக்கும் சிறு கற்கள் வயிற்றுக்குள் அரைத்துக் கொடுக்கும். தண்ணீரிலும் இரண்டுக்கும் வேறு பழக்கம். குருவி ஒரு வாய் அள்ளித் தலையை நிமிர்த்தும்; புறா குனிந்தபடியே உறிஞ்சும். தண்ணீர்ச் சட்டி இரண்டு அங்குல ஆழத்துக்கு மேல் வேண்டாம். தினமும் தேய்த்துக் கழுவி மாற்று, இல்லாவிட்டால் கொசு முட்டையிடும். புதரை ஒட்டி வைக்காதே, பூனை பதுங்கும்.

தானியத்தைத் திரும்பியே பார்க்காதவை நிறைய உண்டு. தவிட்டுக்குருவிகள் கூட்டமாகச் சருகைப் புரட்டிப் பூச்சி பொறுக்கும், ஒன்று மட்டும் மேலே உட்கார்ந்து காவல் பார்க்கும். அதனால் ஒரு மூலையையாவது பெருக்காமல் விடு. கரிச்சான் கம்பியிலிருந்து பாய்ந்து பறக்கும் பூச்சியைப் பிடித்துத் திரும்பும். குயிலும் கொண்டைக்குருவியும் கறிவேப்பிலைப் பழத்துக்கு வரும், ஒரு செடியை வெட்டாமல் வளரவிடு. நீளமான பூவின் அடியில் சின்ன ஓட்டை இருந்தால், தேன்சிட்டு குறுக்கு வழியில் தேன் எடுத்திருக்கலாம். சர்க்கரைத் தண்ணீர் தொங்கவிட வேண்டாம், செம்பருத்தி வை.

நோட்டில் நாலே விஷயம் எழுது: எந்தப் பறவை, என்ன தின்றது, எங்கே எடுத்தது, அங்கேயே விழுங்கியதா அல்லது தூக்கிப் போனதா. கடைசிக் கேள்விதான் எனக்கு மிகவும் பிடித்தது. தானியம் தின்னும் சிட்டுக்குருவிகூடக் குஞ்சுக்குப் புழு, பூச்சிதான் ஊட்டும். அலகில் புழுவை வைத்துக்கொண்டு விழுங்காமல் சுற்றிச் சுற்றிப் பார்த்தால் பக்கத்தில் கூடு இருக்கிறது, நீ இருப்பதால் தயங்குகிறது. எழுந்து உள்ளே போய் ஜன்னல் வழியாகப் பார். அந்தப் பக்கம் பூச்சி மருந்து அடிக்கவே வேண்டாம்.

அன்புடன்,
அப்பா