குழல் ஏற்கும் தோட்டாவே நல்ல தோட்டா

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 50 மீட்டர் ரைபிள் போட்டி குறித்துத் தங்கள் நாளிதழின் விளையாட்டுப் பக்கத்தில் வெளியான கட்டுரையை ஆர்வத்துடன் படித்தேன். மூச்சுக் கட்டுப்பாடு, உடல் நிலை, மன ஒருமை ஆகியவற்றை அக்கறையோடு விவரித்த கட்டுரையாளர், தோட்டாவைப் பற்றி மட்டும் 'விலை உயர்ந்ததை வாங்கினால் போதும்' என்ற ஒரே வரியுடன் கடந்துவிட்டார். இந்த விளையாட்டில் முதலில் வீரனாகவும் பின்னர் பயிற்சியாளனாகவும் நெடுங்காலம் கழித்தவன் என்ற முறையில், அந்த ஒரு வரி இளம் வீரர்களைத் திசைதிருப்பிவிடும் என்று அஞ்சியே இதை எழுதுகிறேன்.

இப்போட்டியில் பயன்படும் .22 லாங் ரைபிள் தோட்டாவின் அமைப்பிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. பெரிய தோட்டாக்களில், வெடிமருந்தைப் பற்றவைக்கும் தூண்டுமருந்து அடிப்பகுதியின் நடுவில் தனிக் கிண்ணத்தில் இருக்கும். இதிலோ அது தோட்டாவின் உலோகக் கூட்டின் அடிவிளிம்பு மடிப்புக்குள் ஈரமாக இடப்பட்டுச் சுழற்றிப் பரப்பப்படுகிறது. ஒரு தோட்டாவில் சீராகப் பரவிய மருந்து அடுத்த தோட்டாவில் ஒருபக்கமாக ஒதுங்கிவிட்டால், வெடிமருந்து தீப்பற்றும் விதம் மாறி, குண்டின் வேகமும் மாறிவிடுகிறது.

அந்த மாற்றம் இலக்கில் என்ன செய்யும் என்று கணக்கிட்டுப் பார்க்கலாம். வினாடிக்குச் சுமார் 325 மீட்டர் வேகத்தில் புறப்படும் குண்டு, 50 மீட்டரைக் கடக்க ஏறத்தாழ 0.16 வினாடி எடுத்துக்கொண்டு, அதற்குள் சுமார் 12 சென்டிமீட்டர் கீழிறங்குகிறது. எல்லாக் குண்டுகளும் ஒரே அளவு இறங்கினால் கவலையில்லை. குறிநோக்கியைத் திருத்தி அதை ஈடுசெய்துவிடலாம். ஆனால் இரண்டு தோட்டாக்களுக்கிடையே வினாடிக்கு 10 மீட்டர் வேக வேறுபாடு இருந்தால், அவை படும் இடங்கள் 7 அல்லது 8 மில்லிமீட்டர் மேலும் கீழுமாக விலகும். பத்து மதிப்பெண் வட்டத்தின் விட்டமோ 10.4 மில்லிமீட்டர்தான். வீரர் எந்தத் தவறும் செய்யாமலே மதிப்பெண் கைநழுவிப் போகும்.

வேகம் கூடினால் துல்லியமும் கூடும் என்று புதியவர்கள் பலர் நம்புகிறார்கள், அதுவும் சரியன்று. ஒலியின் வேகம் வினாடிக்குச் சுமார் 340 மீட்டர். அதைத் தாண்டிப் புறப்படும் அதிவேகத் தோட்டாவின் குண்டு, வழியில் வேகம் குறைந்து அந்த எல்லையைக் கடக்கும்போது அதன் நிலைத்தன்மை குலையக்கூடும். போட்டிக்கான தோட்டாக்கள் ஒலிவேகத்துக்குச் சற்றுக் கீழே செல்லுமாறு செய்யப்படுவது அதனால்தான்.

இனி, கட்டுரை தொடாமல் விட்ட முக்கியமான செய்திக்கு வருகிறேன். ஒரே நிறுவனம், ஒரே பெயர், ஒரே நிறப் பெட்டி என்றாலும் லாட் எண், அதாவது ஒரே தடவையில் தயாரான தொகுதியின் எண், மாறினால் அது வேறு தோட்டா என்றே கொள்ள வேண்டும். என் மாணவி ஒருவர் நன்றாகச் சுட்டுக்கொண்டிருந்த லாட் தீரும் நிலைக்கு வந்ததும், அதே பெயருள்ள புதிய பெட்டிகளை வாங்கினார். மதிப்பெண்கள் சரிந்தன. மூன்று வாரங்கள் அவருடைய தோள் நிலையையும் விசையை இழுக்கத் தேவையான எடையையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். அவர் தன்னம்பிக்கையையே இழந்துவிட்டார். கடைசியில் துப்பாக்கியை அசையாமல் இறுக்கிப் பிடிக்கும் பிடிப்பானில் பூட்டி, புதிய லாட்டிலிருந்து பத்து தோட்டாக்களைச் சுட்டோம். ஒன்பது குண்டுகள் ஒரே துளையாகக் குவிய, ஒன்று மட்டும் வலப்புறம் கீழே தனித்துக் கிடந்தது. அடுத்த பத்திலும் அப்படியே ஒன்று விலகியது. பழைய லாட்டில் மிஞ்சியிருந்த ஒரு பெட்டியை எடுத்துச் சுட்டபோது, இருபது குண்டுகளும் சுண்டுவிரல் நுனி நுழையும் அளவு துளைக்குள் அடங்கின. அந்த இலக்கு அட்டையைப் பார்த்து அவர் அழுதுவிட்டார். மூன்று வாரங்களுக்கு முன்பே நான் செய்திருக்க வேண்டிய சோதனை அது.

இதில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எங்களுக்கு உதவாத அந்த லாட், வேறொருவரின் துப்பாக்கியில் மிக நன்றாகச் சுட்டது. ஒவ்வொரு குழலின் உள்ளளவும், தோட்டா பொருந்தும் அறையின் அளவும் நுட்பமாக வேறுபடுவதால், எது பொருந்தும் என்பதைச் சுட்டுத்தான் அறிய முடியும். ஈலி, லாப்புவா போன்ற தோட்டா நிறுவனங்கள் சோதனைக் கூடங்கள் நடத்தி, வீரர்கள் தம் துப்பாக்கியைக் கொண்டுவந்து பல லாட்களைச் சுட்டுப் பார்த்து வாங்க வழிசெய்வதும் இதற்காகவே.

சோதனையிலும் அவசரம் கூடாது. ஐந்து குண்டுகள் இலக்கில் நெருங்கிப் பட்ட சிறிய குவியலைக் கண்டு மகிழ்பவர்கள், அதே துப்பாக்கி அதே தோட்டாவில் பத்து குண்டுகள் சுட்டால் குவியல் சராசரியாகக் கால் பங்கு பெரிதாகும் என்பதை மறந்துவிடுகிறார்கள். காற்றில்லாத உள்ளரங்கில், ஒவ்வொரு லாட்டிலும் பத்து பத்தாக நான்கு முறையாவது சுட்டு, அவற்றுள் மிக மோசமான குவியலை வைத்தே முடிவு செய்ய வேண்டும் என்பது என் கருத்து. குண்டின் மேலுள்ள மெழுகுப் பூச்சு நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடுவதால், புதிய தோட்டாவுக்கு மாறும்போது, குழலில் அதன் பூச்சு சீராகப் படியும் வரை முதல் பத்து இருபது குண்டுகளைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. பொருந்தும் லாட் கிடைத்துவிட்டால், அந்தப் பருவம் முழுவதற்கும் தேவையானதை மொத்தமாக வாங்கி, வெப்பமும் ஈரமும் அண்டாத இடத்தில் வைத்துவிடலாம்.

2012 லண்டன் ஒலிம்பிக்கில் 50 மீட்டர் படுத்த நிலைப் போட்டியின் தகுதிச் சுற்றில், பெலாரஸின் செர்கேய் மார்த்தினோவ் 60 குண்டுகளையும் பத்துக்குள் செலுத்தி 600 மதிப்பெண் பெற்றார். அவருடைய திறமைக்கு ஈடில்லை. ஆயினும் அறுபதில் ஒரே ஒரு தோட்டா பிசகியிருந்தால் அந்த எண் அமைந்திருக்காது.

ஆகவே, துப்பாக்கி சுடும் கழகங்கள் ஒவ்வொன்றும் பொதுவாக ஒரு பிடிப்பானை வாங்கி வைத்து, எந்தத் துப்பாக்கியில் எந்த லாட் எப்படிச் சுட்டது என்பதை ஒரு பதிவேட்டில் குறித்துவர வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன். இச்சோதனை முறையைப் படங்களுடன் விளக்கும் தனிக் கட்டுரை ஒன்றைத் தாங்கள் வெளியிட்டால், புதிதாகப் பயிற்சிக்கு வரும் மாணவர்களுக்கு அதைக் கொடுத்துப் படிக்கச் சொல்வேன்.

இப்படிக்கு,
ஒரு ரைபிள் பயிற்சியாளர்