மாடிப்படிச் சாவியைத் திருப்பிக் கொடுங்கள்

நம் தமிழ்ச் சபையின் நிர்வாகக் குழுவினருக்கு,

ஸ்தோத்திரம். குழாய் ஆர்கனை நிறுத்திவிட்டு இனி கீபோர்டு என்று எடுத்த முடிவு உங்களுடையது, அதனால் முன்கதை வேண்டாம். போன ஞாயிறு உங்களில் யாரும் பின்பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. அதை மட்டும் சொல்கிறேன்.

ஆர்கன் மாடத்துக்கு ஏறும் கதவில் புதுப் பூட்டு. அதை மறைத்து இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகள். நம் ஆர்கன் வாசிக்கும் பெரியவர் வழக்கம்போல் அரை மணி முன்னதாக வந்து கைப்பிடியை இரண்டு தடவை திருகிப் பார்த்தார். அப்புறம் இசைப் புத்தகப் பையை மடியில் வைத்துக்கொண்டு, ஈரக் கோட்டைக்கூடக் கழற்றாமல், ஆராதனை முடியும்வரை கடைசி வரிசையில் இருந்தார். தமிழில் ஒரு வார்த்தை தெரியாதவர். நம் கீர்த்தனைகளைக் காதால் கேட்டே பிடித்து வாசித்தவர். எழுபதைத் தாண்டிய அந்த மனிதருக்கு முன்கூட்டியே ஒரு போன் செய்திருக்கலாம்.

"இந்த ஊர்ச் சபைகளே அந்தக் காலத்தில் ஆர்கனை ஒதுக்கியவைதானே" என்று கூட்டத்தில் ஒருவர் சொன்னார். சரி, அந்தக் கதையையே பார்ப்போம்.

1578இல் ஆம்ஸ்டர்டாம் நகரம் புராட்டஸ்டன்ட் சீர்திருத்தச் சபையின் கைக்கு வந்தது. ஆராதனைக்குள் ஆர்கன் கூடாது என்றாகிவிட்டது. ஆனால் ஆர்கன் நகர மன்றத்தின் சொத்து. அவர்கள் அதை உடைக்கவுமில்லை, பூட்டவுமில்லை. பழைய ஆலயமான அவுடே கெர்க்கில் யான் பீட்டர்ஸோன் ஸ்வேலிங்க் என்ற ஆர்கன் கலைஞரைச் சம்பளத்துக்கு வைத்திருந்தார்கள். ஆராதனை நேரத்தில் சும்மா இருக்க வேண்டிய மனிதர், அதற்கு முன்னும் பின்னும் வாசிப்பார். ஊர் வந்து கேட்கும். சம்பளம் 100 கில்டர் (இந்த நாட்டின் பழைய நாணயம்), 1586இல் 200. கல்யாணம் செய்துகொண்டால் இன்னும் 100 என்றார்கள், 1590இல் செய்துகொண்டார். மேலும் 100 வேண்டுமா, வாடகையில்லாத வீடு வேண்டுமா என்று கேட்டபோது வீட்டையே வாங்கிக்கொண்டார். (ஆம்ஸ்டர்டாம் வாடகை அறிந்த நமக்கு ஆச்சரியமில்லை.)

அந்தச் சம்பளத்தில் என்ன விளைந்தது? வேதாகமத்தின் 150 சங்கீதங்களுக்கும் பல குரல் இசை. நான்கு தொகுதிகள், முதலாவது 1604இல், கடைசி 1621இல். அதே ஆண்டு அக்டோபரில் இறந்து, வாசித்த ஆலயத்திலேயே அடக்கமானார். ஷைட், ஷைடமன் என்று ஜெர்மனியிலிருந்து பிள்ளைகள் அவரிடம் படிக்க வந்தார்கள். பின்னாளில் 25 கில்டர் நோட்டில் அவர் முகத்தையே அச்சிட்டது இந்த நெதர்லாந்து நாடு. நாம் நம் ஆர்கன்காரருக்குக் கொடுத்தது ஒரு பூட்டு.

"பழைய நூறாவது" என்று நாம் உருகிப் பாடும் மெட்டு, ஸ்வேலிங்க் எடுத்தாண்ட அதே ஜெனீவா சங்கீதப் புத்தகத்தில் 134ஆம் சங்கீதத்துக்கு உரியது. அதை இனி கீபோர்டில் "சர்ச் ஆர்கன்" பட்டனை அழுத்திக் கேட்போமாம். பட்டனுக்குப் பயணப்படி வேண்டாம், உண்மைதான். பெரியவர் கேட்டதும் அவ்வளவுதானே? புதுத் திரைக்கும் கலர் விளக்குக்கும் காணிக்கை தாராளமாக இருக்கிறது. ஆண்டு விழாப் பிரியாணிக்குக் கணக்கு கேட்டவர் யார்? கேட்டால் விசுவாசக் குறைவு என்பீர்கள்.

கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கீபோர்டு இருக்கட்டும், பிள்ளைகள் நன்றாகவே வாசிக்கிறார்கள். ஆராதனைக்குள் ஆர்கன் வேண்டாமென்றால் அதுவும் உங்கள் இஷ்டம். கேட்பது சாவி. ஆராதனைக்கு முன்னால் ஒரு மணி நேரம் அவர் மேலே ஏறி வாசிக்கட்டும். வாசிக்காமல் விட்டால் தூசி படியும், ஆர்கனுக்குள் இருக்கும் தோல் பாகங்கள் காயும், பிறகு ஏதாவதொரு குழாய் தானாக ஊளையிடும். அதைச் சரிசெய்ய ஆகும் செலவில் அவருக்குப் பல வருடப் பயணப்படி கொடுத்துவிடலாம்.

தயவுசெய்து இந்த வாரமே சாவியைக் கொடுங்கள். பக்கம் திருப்பிவிட மேலே போகிறவன் என்பதால் எனக்குத் தெரியும்: அவருடைய வாசிப்புக் கண்ணாடி இன்னும் ஆர்கன் மேல்தான் இருக்கிறது.

உங்கள் சபை உறுப்பினன்