மைனிக்கு, மருந்துவாழ்மலை ஏறுவது பற்றி

அன்புள்ள மைனி,

ஓணம் லீவுக்கு வரும்போது பிள்ளைகளோடு மருந்துவாழ்மலை ஏறலாமா என்று நேற்று போனில் கேட்டீர்கள். அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருந்தது, 'ஏறலாம், ஏறலாம்' என்று சொல்லி வைத்துவிட்டேன். ராத்திரி படுத்த பிறகுதான், அப்படி ஒற்றை வார்த்தையில் சொல்லிவிடக்கூடிய விஷயமில்லையே என்று தோன்றியது. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். அண்ணனும் படிப்பார், படிக்கட்டும்.

முதலில், காலையில் நெய்யாற்றின்கரையில் ரயில் ஏறி, நாகர்கோவிலில் இறங்கி, பஸ் பிடித்து, அப்படியே மலைக்குப் போய்விடலாம் என்ற திட்டத்தை விட்டுவிடுங்கள். நீங்கள் மலையடிவாரத்துப் பொற்றையடி வந்து சேரும்போது வெயில் உங்களுக்கு முன்னால் ஏறி உட்கார்ந்திருக்கும். பொற்றை என்றால் பாறைக்குன்று, பெயரிலேயே இருக்கிறது பாருங்கள், மொத்தமும் பாறைதான். நிழலுக்கென்று பெரிய மரம் பார்த்துத்தான் தேட வேண்டும். முந்தின நாளே வந்து எங்கள் வீட்டில் படுங்கள். 5.30 மணிக்குக் கிளம்பினால் ஆறு மணி வெளிச்சத்தில் படியில் கால் வைத்துவிடலாம். ஆரம்பத்தில் படி இருக்கும், அதைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். அப்புறம் பாறை, சரளை, வேர், சில இடத்தில் கையையும் ஊன்ற வேண்டும்.

இனி அண்ணன் கதை. போன வருஷம் சித்திரையில் நாங்கள் இரண்டு பேரும் போனோமே, 'உச்சி வரைக்கும் ஏறிட்டேன்' என்று உங்களிடம் சொன்னாராமே? இல்லை மைனி. புட்டும் கடலையும் சாப்பிட்டுவிட்டு ஒன்பது மணிக்கு மேல்தான் ஏறவே ஆரம்பித்தோம். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு லிட்டர் தண்ணீர். பாதி வழியில் அவருடைய புது ஷூவின் அடிப்பாகம், கல்லிலிருந்து தோசை எடுப்பதுபோல முன்பக்கத்திலிருந்து பிரிந்து வந்துவிட்டது. தோர்த்துத் துண்டைக் கிழித்து ஷூவோடு சேர்த்துக் கட்டினோம். பத்தடி நடப்பார், குனிந்து முடிச்சு போடுவார், மறுபடி பத்தடி. பாறை சுட்டதில் கையை ஊன்றவும் முடியவில்லை. இதற்கு நடுவில் ஒரு குரங்கு வந்து மட்டிப்பழச் சீப்பைப் பையோடு கொண்டுபோய், எங்களுக்கு எதிரிலேயே ஒரு பாறையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தோலை உரித்துச் சாப்பிட்டது, அவசரமே இல்லை அதற்கு. ஒருவழியாகக் குகைவரை போனோம். அங்கேயிருந்து திரும்பிவிட்டோம். இதுதான் நடந்தது.

ஆனால் அந்தக் குகைவரை போனதே போதும் என்றுதான் எனக்குப் படுகிறது. பிள்ளத்தடம் என்று பெயர். நாராயண குரு தவம் இருந்த இடம். உங்கள் ஊர்ப்பக்கம் அருவிப்புறத்தில், நெய்யாற்றிலிருந்து ஒரு கல்லை எடுத்துச் சிவலிங்கமாக அவர் பிரதிஷ்டை செய்தது 1888இல். கோயில் வாசலுக்கே வரக்கூடாது என்று ஒதுக்கி வைக்கப்பட்ட சாதியில் பிறந்த ஒருவர் அதைச் செய்தார் என்பது உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதற்கு முன்னால் அவர் தனியாக வந்து உட்கார்ந்திருந்தது இங்கேதான். அப்போது இரண்டு பக்கமும் ஒரே திருவிதாங்கூர் சமஸ்தானம், 1956இல்தான் கோடு போட்டு நாங்கள் இந்தத் தமிழ்நாட்டுப் பக்கம் வந்தோம். அவர் தமிழ் நன்றாகப் படித்தவர், தமிழில் பதிகம் எழுதியிருக்கிறார், குறளில் கொஞ்சத்தை மலையாளத்தில் கொண்டுவந்திருக்கிறார். உள்ளே நுழையத் தலையைத் தாழ்த்தித் தவழ்ந்துதான் போக வேண்டும். வெளியே அனலாக இருந்தும் உள்ளே பாறை குளிர்ந்திருந்தது. அண்ணன் அந்த ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு, கால் நீட்டி, கால் மணி நேரம் ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் அப்படிச் சும்மா இருந்து நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?

உச்சிக்கு நான் வேறொரு தடவை தனியாகப் போயிருக்கிறேன். காட்சி நன்றாகத்தான் இருக்கும், இல்லை என்று சொல்லவில்லை. கீழே தென்னையும் வயலும் குளங்களும், தெற்கே கடல், 133 அடி வள்ளுவர் சிலை ஒரு தீக்குச்சி மாதிரி. வடக்கே ஆரல்வாய்மொழிக் கணவாய்ப் பக்கம் காற்றாலைக் காற்றாடிகள். நீங்கள் வருகிற ஆவணியில் அவை நிற்காமல் சுற்றும், ஏனென்றால் தென்மேற்குக் காற்று அந்தக் கணவாய் வழியாகத்தான் இடித்துக்கொண்டு பாய்கிறது. அதில் ஒரு பங்கு மலை உச்சிக்கும் வரும். சின்னவனைக் கூட்டிக்கொண்டு அந்தக் காற்றில் பாறை விளிம்பில் நிற்பதை நினைத்தாலே எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. அதனால் பிள்ளைகள் குகையோடு சரி. உங்களுக்கு ஆசை இருந்தால் நீங்களும் நானும் மட்டும் மேலே போவோம், அண்ணன் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வார், அவருக்குத்தான் அந்த இடம் பழக்கமாயிற்றே.

அனுமன் கொண்டுபோன சஞ்சீவி மலையிலிருந்து விழுந்த துண்டு இதுதானா என்று பெரியவள் கேட்டாளாம். கதை அப்படித்தான், ஆனால் திண்டுக்கல் பக்கம் சிறுமலைக்காரர்களும் இதையேதான் சொல்கிறார்கள். அனுமனுக்குக் கை நழுவிக்கொண்டே இருந்தது போல. மூலிகை என்று எதையும் பறிக்க விடாதீர்கள், எனக்கும் எது எதென்று தெரியாது. வழியோரத்துப் புல்லை லேசாகக் கசக்கி மோந்து பார்த்தால் இஞ்சி வாசம் அடிக்கும், அது போதும் அவளுக்கு.

முந்தின ராத்திரி மழை பெய்திருந்தால் போக வேண்டாம், பாறை வழுக்கும். இறங்கும்போதுதான் முட்டு பிடிக்கும், பைய இறங்கணும். ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர். அக்கானி, அதாவது பதநீர்க் காலம் முடிந்திருக்கும், அதை நம்பி வராதீர்கள்.

வரும்போது உங்கள் ஊர் நேந்திரங்காய் வறுவல் அரைக் கிலோ வாங்கி வாருங்கள், ஆனால் அதை வீட்டிலேயே வைத்துவிட்டுத்தான் மலைக்குப் போகிறோம். அண்ணனிடம் பழைய ரப்பர் செருப்பையே போட்டுக்கொண்டு வரச் சொல்லுங்கள். பாதித் தோர்த்து இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.