நேட்டாலுக்குக் கப்பல் ஏறுன பெரிய தாத்தாவைத் தேடுறோம்

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

வெளிநாட்டுல இருந்து வேர் தேடி நம்ம ஊருக்கு வர்றவங்களைப் பத்தி பேப்பர்ல அடிக்கடி படிக்கிறேன், சந்தோஷமா இருக்கு. ஆனா இங்கயே இருந்துக்கிட்டு, போனவங்களைத் தேடுற எங்கள மாதிரி குடும்பங்களும் இருக்கு, அதுக்குத்தான் இந்தக் கடிதம்.

எங்க ஆயாவோட தாத்தாவுக்கு ஒரு அண்ணன். தாது வருஷப் பஞ்சத்துல (1876-78) மாடு கன்னு எல்லாம் போயி, ரெண்டு மூணு வருஷம் கழிச்சு போளூர் பக்கத்துல இருந்து மெட்ராஸுக்கு நடந்தே போயி, தென்னாப்பிரிக்காவுல இருக்குற நேட்டாலுக்குக் கப்பல் ஏறிட்டாராம். வலது புருவத்துக்கு மேல மாடு முட்டுன தழும்பு இருக்கும்னு ஆயா சாகுற வரைக்கும் சொல்லிக்கிட்டே இருந்துச்சு. ஒரு கடுதாசி வரல.

1860ல ட்ரூரோங்கிற கப்பல் மெட்ராஸ்ல இருந்து நேட்டால் துறைமுகமான டர்பனுக்குப் போச்சு, அப்போ ஆரம்பிச்சு 1911 வரைக்கும் இந்தியாவுல இருந்து ஒன்றரை லட்சம் பேருக்கு மேல ஒப்பந்தக் கூலியா நேட்டாலுக்குப் போயிருக்காங்க. ஒவ்வொருத்தருக்கும் ஒரு நம்பர் போட்டு, பேரு, அப்பா பேரு, வயசு, சாதி, ஜில்லா, தாலுகா, ஊரு, உடம்புல இருக்குற அடையாளம் வரைக்கும் எழுதி வச்சிருக்காங்க. அந்த லிஸ்ட் இப்ப கம்ப்யூட்டர்ல கிடைக்குது, என் அக்கா பையன் ராத்திரி ராத்திரியா உக்காந்து தேடினான்.

பெரிய தாத்தாவோட பேரு தெருவுக்கு நாலு பேரு வச்சிருந்த பேரு, அதையும் இங்கிலீஷ்ல விதவிதமா எழுதியிருக்காங்க. கவுண்டரே அங்க கோவெண்டர் ஆயிட்டாரு, முதலியார் மூட்லி ஆயிட்டாரு, அப்புறம் ஊர் பேரு என்ன கதி ஆகியிருக்கும்னு பாத்துக்கோங்க. வட ஆற்காடுன்னு போட்டிருந்தா அது இன்னைக்கு வேலூரா, ராணிப்பேட்டையா, திருவண்ணாமலையான்னு பாக்கணும், 1911க்கு முன்னாடி சித்தூரும் அதுலதான் இருந்துச்சு, அதனால ஆந்திராப் பக்கமும் தேட வேண்டியிருக்கு.

கடைசியில ரெண்டு பேரு நிக்கிறாங்க. ஒருத்தருக்கு அப்பா பேரு சரியா இருக்கு, ஊரு சித்தூர் பக்கம். இன்னொருத்தருக்கு அப்பா பேரு வேற மாதிரி இருக்கு, ஆனா போளூர் தாலுகா, வலது புருவத்துல தழும்பு. எனக்கு ரெண்டாவது ஆளுதான்னு படுது, ஏன்னா எழுதுறவன் பேரைக் காதுல வாங்கித் தப்பா எழுதலாம், தழும்பைக் கண்ணால பாத்துத்தானே எழுதியிருப்பான்.

அரசாங்கம் வேர்களைத் தேடின்னு திட்டம் போட்டு அயலகத் தமிழ்ப் பிள்ளைங்களைக் கூட்டிட்டு வருது, ரொம்ப நல்ல காரியம். அதோட எழும்பூர் ஆவணக் காப்பகத்துல கப்பல் ஏறிப் போனவங்களைப் பத்தி இருக்குற காகிதங்களையும் தமிழ்ல ஊர் வாரியா பிரிச்சு இணையத்துல போட்டா, இங்கிலீஷ் தெரியாத கிராமத்துக் குடும்பங்களும் பாக்கும். எந்தக் குலதெய்வம், எந்தத் தெரு, யாரு பங்காளின்னு நம்ம கிழவிங்களுக்குத்தான் தெரியும், அது எந்த லிஸ்ட்லயும் இல்ல, அவங்களும் ஒவ்வொருத்தரா போயிட்டிருக்காங்க ஐயா.

உங்க பேப்பர்ல வாரத்துக்கு ஒரு சின்னக் கட்டம் ஒதுக்குங்க. ஊர் பேரு, போனவர் பேரு, போன வருஷம், அடையாளம், இவ்வளவுதான். டர்பன்ல யாராவது பேரப் பிள்ளைங்க கண்ணுல பட்டா போதும். முதல் ஆளா எங்க பெரிய தாத்தா விவரத்தை நான் அனுப்புறேன்.

இப்படிக்கு,
போளூர் வாசகர்