முதல் பாம்பு வாங்கப்போகும் மகளுக்கு

பெரியபட்டினம்

அன்பு மகளுக்கு,

நீ பாம்பு வளர்க்கப்போவதாகச் சொன்னதிலிருந்து அம்மா சரியாகச் சாப்பிடவில்லை. அவளைக் குறை சொல்ல முடியாது தாயி. கரைவலை இழுத்தால் மீனோடு கடல்பாம்பும் வந்து விழுகிற ஊர் இது. பனங்காட்டுக்குள் கால் வைத்தால் சுருட்டை விரியனுக்குப் பயப்பட வேண்டும். இங்கிலாந்தில் நீ இருக்கும் லீட்ஸில் கடையில் விற்பவை வேறு வகை என்று அவளுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

கார்ன் ஸ்நேக் (corn snake) வாங்கவா, பால் பைதான் (ball python) என்கிற மலைப்பாம்பு வாங்கவா என்று கேட்டாய். இரண்டில் என் மனசு கார்ன் ஸ்நேக் பக்கம்தான். அமெரிக்காவின் தென்கிழக்குப் பகுதிப் பாம்பு அது. விஷமில்லை, நாலைந்து அடிக்கு மேல் போவது அபூர்வம், இரை எடுப்பதில் அடம் பிடிக்காது. பால் பைதானும் சாதுதான். ஆனால் நல்ல ஆரோக்கியத்தோடு இருக்கும்போதே மாதக்கணக்கில் இரையைத் தொடாமல் கிடக்கும். பழகியவர்கள் எடையைப் பார்த்துக்கொண்டு பொறுமையாக இருப்பார்கள். நீயோ தனியாக இருக்கிறாய். அந்தத் தவிப்பு முதல் பாம்பிலேயே வேண்டாம்.

காட்டில் பிடித்ததை வாங்காதே. வளர்ப்பில் பிறந்த குட்டியாகக் கேள். என்றைக்கு என்ன தின்றது என்று குறித்து வைத்திருக்கிறார்களா என்று பார். முடிந்தால் உன் கண் முன்னால் இரை எடுக்கச் சொல். வாயைத் திறந்து மூச்சு விட்டாலோ, செதிலுக்கடியில் கறுப்புப் புள்ளிபோல உண்ணி ஊர்ந்தாலோ, எவ்வளவு அழகாக இருந்தாலும் வாங்காமல் வந்துவிடு.

பாம்பு வருவதற்குச் சில நாள் முன்பே பெட்டி தயாராக இருக்க வேண்டும். ஒரு பக்கம் 28 முதல் 30 டிகிரி சூடு, மறுபக்கம் குளிர்ச்சி, இரண்டு பக்கமும் ஒளிய இடம். சூட்டை அளவோடு நிறுத்தும் தெர்மோஸ்டாட் இல்லாமல் ஹீட்டர் போடாதே. சூடு ஏறியது தெரியாமல் அதன்மேலேயே படுத்து வயிறு வெந்துபோகும். மூடிக்குப் பூட்டு கட்டாயம். தலை நுழைகிற சந்து கிடைத்தால் உடம்பும் போய்விடும்.

உறைய வைத்த எலியை வெந்நீரில் இளக்கி, இடுக்கியால் கொடு. உயிர் எலி வேண்டாம், அது பாம்பைக் கடித்துவிடும். தின்ற பிறகு இரண்டு நாள் தூக்காதே. கண் நீலம் பூத்தால் சட்டை உரிக்கப்போகிறது; அப்போதும் விட்டுவிடு. தொட்டபின் சோப்புப் போட்டுக் கை கழுவு.

சின்ன வயதில் நீ சாரைக் குட்டியைத் தூக்கிவந்தபோது கொண்டுபோய் விடச் சொன்னேனே, நினைவிருக்கிறதா? 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி நம் ஊர்ப் பாம்பை வீட்டில் வளர்க்கக் கூடாது. இப்போது நீ அங்கே வளர்க்கலாம்; ஆனால் கார்ன் ஸ்நேக் 15, 20 வருஷம் இருக்கும். வேலை மாறும், வீடு மாறும், கல்யாணமாகும். அலுத்துப்போய் வெளியே விட்டுவிடலாம் என்பது ஒருநாளும் கூடாது. ஃபுளோரிடாவில் அப்படி வெளியே போன பர்மிய மலைப்பாம்புகள் பெருகி, அங்குள்ள முயலையும் ரக்கூனையும் தின்று தீர்க்கின்றன.

வீட்டுச் சொந்தக்காரரிடம் எழுத்தில் சம்மதம் வாங்கு. ஊர்வன பார்க்கிற மருத்துவர் பக்கத்தில் இருக்கிறாரா என்றும் விசாரி. எல்லாக் கால்நடை மருத்துவரும் பாம்பு பார்ப்பதில்லை. இவை இரண்டும் முடிந்தபின் பணம் கொடு. அம்மாவிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

அன்புடன்,
அப்பா