குறட்டை மெஷின் இல்லீங்க, மூச்சு மெஷின்: எங்க ஃபிளாட் அசோசியேஷனுக்கு ஒரு திறந்த மடல்

செக்ரட்டரி சாருக்கும் கமிட்டில இருக்கற எல்லாருக்கும் வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை மீட்டிங்ல நான் கேட்டது ஒண்ணே ஒண்ணு, ஜெனரேட்டர் லைன்ல இருந்து என் பெட்ரூமுக்கு ஒரு பிளக் பாயிண்ட். மினிட்ஸ்ல அதை எழுதக்கூட இல்ல. "குறட்டை மெஷினுக்கெல்லாம் டீசல் எரிக்க முடியுமா"ன்னு ஒருத்தர் கேட்டதும் பாதி பேர் சிரிச்சீங்க. ஒரு பொம்பளை நாலு பேர் முன்னாடி எழுந்து எனக்கு குறட்டைன்னு சொல்றதே எவ்ளோ கஷ்டம்னு யாருக்கும் தோணல.

எனக்கு இருக்கறது ஸ்லீப் ஆப்னியா. டெஸ்ட்ல மணிக்கு 38 தடவை மூச்சு தடைபடுதுன்னு வந்துச்சு, 30 தாண்டினாலே தீவிரம். தூங்கினதும் தொண்டை சதை தளர்ந்து வழியை அடைச்சுக்கும், சி-பாப் மெஷின் மாஸ்க் வழியா காத்தை அழுத்தி அனுப்பி அதை திறந்து வெச்சிருக்கும். பழகவே ரெண்டு மாசம் ஆச்சு. தூக்கத்துலயே மாஸ்கை பிடுங்கி எறிஞ்சிருக்கேன், ஓரத்துல காத்து லீக் ஆகுதுன்னு கல்யாணத்துலருந்து கழட்டாத மூக்குத்தியையும் கழட்டிட்டேன்.

மே மாசம் ராத்திரி ஒன்றரைக்கு டிரான்ஸ்ஃபார்மர் போச்சே, எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். என்கிட்ட இருக்கற சின்ன யூபிஎஸ் ஒரு மணி நேரம் தாங்கிட்டு கீ கீன்னு கத்தி நின்னுடுச்சு. காத்து வராத மாஸ்க்குக்குள்ள முழிச்சேன். மறுபடி படுக்க பயம், ஹால்ல சேர்ல நிமிர்ந்து உட்கார்ந்தேன், கண்ணு சொருகும் தலை சாயும் மூச்சு அடைக்கும் தூக்கிப்போடும், விடியற வரைக்கும் இதேதான். ஜன்னல்ல எட்டிப் பார்த்தா கீழ ஜெனரேட்டர்ல ஃபவுண்டன் ஓடிட்டு இருக்கு. காலைல பால் வெச்சுட்டு அடுப்புகிட்டயே நின்னபடி தூங்கிட்டேன், பால் பொங்கி அடுப்பு அணைஞ்சு கேஸ் நாத்தத்துல என் பொண்ணு ஓடி வந்து மூடினா. அன்னைக்கு அவ ஊர்ல இல்லாம இருந்திருந்தா?

காத்தை ஈரமாக்கற ஹியூமிடிஃபையர் போடாம ஓட்டினா ஒரு சீலிங் ஃபேன் இழுக்கற கரண்ட் கூட இதுக்கு ஆகாது. சப்-மீட்டர் போடுங்க, வயரிங் செலவு டீசல் செலவு எல்லாம் நானே தர்றேன்னு அன்னைக்கே சொன்னேன். இதே நான் ஆக்சிஜன் சிலிண்டர்னு சொல்லியிருந்தா சிரிச்சிருப்பீங்களா? குறட்டை விட்டா நல்ல தூக்கம்னு நம்ம ஊர்ல எல்லாரும் நம்பறோம், ஆனா இந்த மூச்சடைப்பு பிபியையும் ஏத்தும், மாத்திரை போட்டும் எனக்கு பிபி இறங்காம இருந்தப்போ கூட ரொம்ப நாள் யாரும் தூக்கம் எப்படின்னு கேக்கல. நம்ம பிளாக்லயே ராத்திரி குறட்டை விட்டு பகல்ல பைக் ஓட்டும்போது கண்ணு சொக்கறவங்க இருக்கீங்க, தயவுசெஞ்சு போய் டெஸ்ட் பண்ணுங்க.

எங்கயோ போயிட்டேன், மன்னிச்சுக்கோங்க. மழை சீசன் வருது, 2023 மிக்ஜாம் புயலப்போ வேளச்சேரி எப்படி இருட்டுல கிடந்துச்சுன்னு உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. அதுக்குள்ள எலக்ட்ரீஷியனை ஒரு தடவை மூணாவது மாடிக்கு அனுப்பி பாக்கச் சொல்லுங்க சார். ஒரே ஒரு பிளக் பாயிண்ட்தான் கேக்கறேன்.