செத்துச் செத்துப் பிழைக்கும் மாமாவுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள மாமாவுக்கு,

"மாப்ளே, செத்துச் செத்துப் பிழைக்கிறேன், இது என்னடா ஆட்டம்?" என்று நீங்கள் அனுப்பியிருந்த குரல் பதிவைக் கேட்டேன். ஃபோனில் சொல்லி முடிக்கிற விஷயமில்லை. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். ஃபால்அவுட்: நியூ வேகாஸ் என்ற இந்தக் கணினி விளையாட்டை இப்போதுதான் தொடங்குகிற வேறு யாருக்காவது உதவட்டும் என்று பொதுவிலேயே வைக்கிறேன்.

முதலில் நீங்கள் செத்த இடத்தைப் பற்றிப் பேசுவோம். உங்களுக்கு வைத்தியம் பார்த்த டாக்டர் டாக் மிட்செல் வீட்டிலிருந்து வெளியே வந்தீர்கள். குட்ஸ்பிரிங்ஸ் கல்லறை மேட்டில் ஏறி நின்றால் வடக்கே வேகாஸ் கோபுரம் தெரிகிறது. கதைத் தொடக்கத்தில் உங்களைச் சுட்டவன் அங்கேதான் போயிருக்கிறான், வரைபடத்திலும் பக்கமாகத்தான் இருக்கிறது. நேரே நடக்க ஆரம்பித்துவிட்டீர்கள். எல்லோரும் செய்வதுதான். ஆனால் அந்த வடக்குப் பக்கம் முழுக்க வேலி போட்டதுபோல் மிருகங்களை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். மலைப்பாதையில் போனால் கசடோர் என்ற ராட்சதக் குளவிகள். நெடுஞ்சாலையில் போனால் ஸ்லோன் ஊருக்கு அப்பால் கல்குவாரி முழுக்க டெத்க்ளா என்ற கூர்நக ராட்சத மிருகங்கள்.

பல விளையாட்டுகளில் நம் நிலைக்குத் தக்கபடி எதிரியின் பலமும் ஏறி இறங்கும். இங்கே அந்தக் கருணை கிடையாது. நீங்கள் முதல் நிலையில் போனாலும் அது அதே டெத்க்ளாதான். 2010-ல் இதை உருவாக்கிய அப்சிடியன் நிறுவனம் அறிந்தேதான் அப்படிச் செய்தது. எனக்கு இந்த விளையாட்டு பிடித்துப்போனதற்கு முதல் காரணமே அதுதான். மொஹாவே பாலைவனம் நமக்காகத் தன்னை மாற்றிக்கொள்வதில்லை. ஆனால் ஆபத்தை மறைத்தும் வைப்பதில்லை. ஸ்லோனில் சோம்ப்ஸ் லூயிஸ் என்ற மேஸ்திரி இருக்கிறார். குவாரியில் டெத்க்ளா புகுந்ததால் வேலையே நின்றுபோய்விட்டது என்று அவரே சொல்வார். நீங்கள் அவரிடம் பேசாமல் தாண்டிப் போயிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். மாமா, இந்த விளையாட்டில் உயிர் பிழைப்பதில் பாதி, ஊர்க்காரர்கள் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்பதுதான்.

அதனால் வழியை மாற்றுங்கள். குட்ஸ்பிரிங்ஸிலிருந்து தெற்கே பிரிம், அங்கிருந்து மொஹாவே அவுட்போஸ்ட், பிறகு கிழக்கே நிப்டன், வடக்கே ஏறி நோவாக், பௌல்டர் சிட்டி, 188 சந்தை, கடைசியில் ஃப்ரீசைட் வழியாக வேகாஸ். ரொம்பச் சுற்றுதான். ஆனால் அந்தச் சுற்றில்தான் கதையே இருக்கிறது. ஒவ்வொரு ஊரிலும் ஒரு பிரச்சினை, ஒரு கடை, ஒரு படுக்கை. வேகாஸ் வாசலுக்குப் போய்ச் சேரும்போது நீங்கள் வேறு ஆளாக இருப்பீர்கள்.

கிளம்புவதற்கு முன் குட்ஸ்பிரிங்ஸிலேயே கொஞ்ச நேரம் இருங்கள். மதுக்கடையில் சன்னி ஸ்மைல்ஸ் என்ற பெண் நாயோடு நிற்பாள். அவளிடம் பேசினால் ஒரு வார்மின்ட் ரைஃபிளைக் கையில் கொடுத்து, முதலில் பாட்டில்களைச் சுடச் சொல்வாள். அப்புறம் தண்ணீர் ஊற்றுப் பக்கம் கூட்டிப் போய் கெக்கோ பல்லிகளைச் சுட வைப்பாள். இதெல்லாம் சின்னப் பிள்ளைகளுக்கான பாடம் என்று தள்ளிவிடாதீர்கள். குந்தி உட்கார்ந்து நகர்ந்தால் எதிரி கவனிப்பதில்லை, கவனிக்காதவன் மேல் விழும் முதல் குண்டுக்குப் பலம் அதிகம் என்பதை உங்கள் கை அங்கேதான் கற்றுக்கொள்ளும்.

அடுத்து அவள் இரண்டு செடிகளைப் பறித்து வரச் சொல்வாள். ப்ராக் பூ கல்லறைப் பக்கம், ஸேண்டர் கிழங்கு பள்ளிக்கூடத்துப் பக்கம். இரண்டையும் கொண்டுவந்து நெருப்பு மூட்டிய இடத்தில் சேர்த்தால் காயத்துக்கு மருந்துப் பொடி. ஸ்டிம்பாக் என்ற காயம் ஆற்றும் ஊசிக்கு விலை அதிகம், ஆரம்பத்தில் கைக்குக் கிடைப்பதும் கொஞ்சம்தான். இந்தப் பொடிக்குக் காசு வேண்டாம், செடி வழியெங்கும் முளைத்திருக்கிறது. கண்ணில் பட்டால் பறித்துக்கொண்டே போங்கள். சின்னக் காயத்துக்குப் பொடி, சண்டைக்கு நடுவில் ஸ்டிம்பாக் என்று பழகிக்கொண்டால் முதல் பத்து நிலைகள் சுலபமாகப் போய்விடும்.

இன்னொன்று, இது உங்களுக்கு ரொம்ப முக்கியம். மணிக்கட்டில் மாட்டியிருக்கும் பிப்-பாய் என்ற சின்னக் கணினியைத் திறந்தால் உலகம் அப்படியே நின்றுவிடும். சண்டை நடுவிலும் திறக்கலாம். மருந்து போடலாம், துப்பாக்கி மாற்றலாம், யோசிக்கலாம். வாட்ஸ் (V.A.T.S.) என்ற குறிவைக்கும் முறையிலும் நேரத்தை நிறுத்தி, தலையா காலா என்று பார்த்துக் குறி வைக்கலாம். விரல் வேகம் இல்லை என்று குறைப்பட்டீர்கள். இந்த விளையாட்டுக்கு அது அவ்வளவு தேவையில்லை. கசடோர் துரத்தினால் இறக்கையைச் சுடுங்கள், பறக்க முடியாமல் தடுமாறும். டெத்க்ளாவுக்குக் கால். அதுவும் ஓட வழியே இல்லாவிட்டால்தான். கசடோர் கொட்டினால் விஷம் ஏறும், அதை முறிக்கும் மருந்து ஒன்றாவது பையில் எப்போதும் இருக்கட்டும்.

சரி, ஆளை உருவாக்கும் விஷயத்துக்கு வருகிறேன். ஏழு குணங்களுக்கும் சேர்த்து மொத்தம் 40 புள்ளி. எல்லாவற்றுக்கும் சமமாகப் பங்கு போட்டிருப்பீர்கள், அது உங்கள் சுபாவம். இங்கே வேண்டாம். கரிஸ்மாவை, அதாவது ஆளைக் கவரும் குணத்தை, தைரியமாகக் குறையுங்கள், இந்த ஆட்டத்தில் அதற்குப் பயன் குறைவு. இன்டலிஜென்ஸை, அதாவது அறிவை, ஏற்றுங்கள். ஒவ்வொரு நிலை ஏறும்போதும் திறமைகளுக்கு 10 புள்ளியும், அதோடு இன்டலிஜென்ஸில் பாதியும் கிடைக்கும். ஆரம்பத்தில் போட்டால் கடைசிவரை பலன் தரும்.

முதன்மைத் திறமையாக மூன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கன்ஸ் (துப்பாக்கி), ஸ்பீச் (பேச்சு), ரிப்பேர் (பழுது நீக்கல்) என்பது என் கட்சி. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பது இந்தப் பாலைவனத்தில் அப்படியே பொருந்துகிறது. உரையாடலில் இவ்வளவு ஸ்பீச் வேண்டும் என்று எண் காட்டும். உங்களிடம் அந்த எண் இருந்தால் நிச்சயம் பலிக்கும், அதிர்ஷ்டத்துக்கு அங்கே வேலை இல்லை. கொஞ்சம் குறைந்தால் அந்தத் திறமைக்குரிய பத்திரிகை ஒன்றைப் பிப்-பாயில் திறந்து படியுங்கள், ஒரு நிமிடத்துக்கு 10 புள்ளி கூடும். அதை வைத்துப் பேசி முடித்துவிடலாம். பத்திரிகை வேறு, புத்தகம் வேறு. புத்தகம் படித்தால் 3 புள்ளி நிரந்தரமாக ஏறும். ஒரு புத்தகத்தையும் விற்றுவிடாதீர்கள்.

குட்ஸ்பிரிங்ஸிலேயே இதைச் சோதித்துப் பார்க்கலாம். ரிங்கோ என்ற வியாபாரி ஒளிந்திருக்கிறான், பவுடர் கேங்கர் கும்பல் அவனைத் தேடி வருகிறது. ஊர்க்காரர்களைச் சேர்த்து நின்றால் சண்டை சுலபம். ஆனால் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதத்தில்தான் மசிவார்கள். கிழவர் ஈசி பீட் டைனமைட்டை எடுத்துத் தர வேண்டுமானால் உங்களுக்கு வெடிமருந்து பற்றித் தெரிந்திருக்க வேண்டும். கடைக்காரர் செட்டிடம் பேரம் பேசத் தெரிய வேண்டும். டாக்டரிடம் மருத்துவம். துப்பாக்கியைத் தவிர எத்தனை வழி இருக்கிறது என்று ஒரு சின்ன ஊரை வைத்தே காட்டிவிடுகிறார்கள். இவ்வளவு அழகான முதல் பாடத்தை நான் வேறு விளையாட்டில் பார்த்ததில்லை.

ரிப்பேரை ஏன் சொன்னேன் என்றால், இங்கே துப்பாக்கி தேயும். தேயத் தேய அடி பலம் குறையும், நடுவில் சிக்கிக்கொண்டு கழுத்தை அறுக்கும். அதே மாதிரி இன்னொரு துப்பாக்கி கிடைத்தால் இரண்டையும் சேர்த்து ஒன்றாக்கிவிடுங்கள். நல்ல நிலையில் ஒன்று கிடைக்கும், எடையும் பாதியாகும், விற்றால் விலையும் கூடும். ரிப்பேர் 50 வந்ததும் டக்ட் டேப், பசை, ஸ்பேனர் மாதிரிப் பழைய சாமான்களை வைத்து நீங்களே பழுது நீக்கும் கிட் செய்யலாம். அதுவரை குப்பை என்று எதையும் அலட்சியமாகத் தாண்டாதீர்கள்.

அதற்காக எல்லாவற்றையும் சுமக்கவும் முடியாது. 150 பவுண்டு, அதோடு ஸ்ட்ரெங்த் (உடல் பலம்) புள்ளி ஒவ்வொன்றுக்கும் 10. அதைத் தாண்டினால் ஓட முடியாது, வரைபடத்தில் குறுக்குப் பயணமும் கிடையாது. எடைக்கு என்ன விலை தேறும் என்று பார்த்து எடுங்கள். போருக்கு முந்தைய நோட்டுக் கட்டுக்கு எடையே இல்லை, ஆனால் விலை போகும்.

சுடும்போது எதிரியின் பெயருக்குப் பக்கத்தில் சிவப்புக் கேடயம் தெரிகிறதா என்று கவனியுங்கள். தெரிந்தால் உங்கள் குண்டு அவன் கவசத்தைத் துளைக்கவில்லை என்று பொருள். அங்கே குண்டை வீணாக்காதீர்கள். கவசம் துளைக்கும் குண்டு இருந்தால் மாற்றுங்கள், பெரிய துப்பாக்கி இருந்தால் எடுங்கள், இரண்டும் இல்லையென்றால் பின்வாங்குங்கள். ஓடிப்போவதில் ஒரு குறைவும் இல்லை.

பிரிமில் ஒரு வேலை இருக்கிறது. அங்கே மேஜை மேல் ஒரு சின்னப் பறக்கும் ரோபோ பழுதாகிக் கிடக்கும், எடி என்று பெயர். சயன்ஸ் 55 அல்லது ரிப்பேர் 65 இருந்தால் அப்படியே எழுப்பலாம். அவ்வளவு இப்போது உங்களிடம் இருக்காது. பரவாயில்லை, பழைய இரும்பு, சென்சார் மாட்யூல், எலக்ட்ரானிக் கழிவு என்று கொஞ்சம் சாமான் சேர்த்தாலும் போதும். அதை எழுப்பாமல் அந்த ஊரை விட்டு நகராதீர்கள். சுடும், சாமான் சுமக்கும், எல்லாவற்றையும்விட எதிரியைத் தூரத்திலேயே காட்டிக்கொடுத்துவிடும். வேகாஸ் போகிறவரை உங்களுக்கு இதைவிட நல்ல துணை கிடையாது.

நிப்டனில் என்ன நடக்கிறது என்று நான் சொல்ல மாட்டேன். அங்கே நிற்பவர்களைப் பார்த்தால் உங்களுக்கு ரத்தம் கொதிக்கும். ஆனால் இந்த நிலையில் கை வைக்காதீர்கள், கேட்டுவிட்டு நகருங்கள். கணக்குத் தீர்க்கப் பின்னால் எவ்வளவோ வாய்ப்பு வரும். உடை விஷயத்திலும் ஜாக்கிரதை. இந்தப் பாலைவனத்துக்காக மோதும் இரண்டு படைகள் என்.சி.ஆரும் லீஜனும். என்.சி.ஆர் சீருடையைப் போட்டால் லீஜன் உங்களை என்.சி.ஆர் ஆள் என்றே நினைக்கும். பவுடர் கேங்கர் உடையோடு என்.சி.ஆர் முகாமுக்குப் போனால் வரவேற்பு குண்டுதான். கவசம் நன்றாக இருக்கிறதே என்று எடுத்து மாட்டுவதற்கு முன் யாருடையது என்று பெயரைப் படியுங்கள்.

ஹார்ட்கோர் முறை வேண்டுமா என்று ஆரம்பத்தில் கேட்டிருக்கும். அதில் தாகம், பசி, தூக்கம் எல்லாம் உண்டு, குண்டுக்கும் எடை உண்டு, கூட வருபவர் செத்தால் செத்ததுதான். எனக்கு அது உயிர். ஆனால் முதல் சுற்றில் உங்களுக்கு வேண்டாம். போட்டிருந்தால் அமைப்புகளில் போய் அணைத்துவிடுங்கள். சண்டையின் கடினத்தையும் எப்போது வேண்டுமானாலும் குறைக்கலாம். யாரும் கேட்கப் போவதில்லை.

முக்கியமான இன்னொன்று, சேமிப்பு. இது பழைய விளையாட்டு, திடீரென்று நின்றுவிடும். குவிக் சேவ் (Quick Save) முறையை மட்டும் நம்பாதீர்கள், ஊருக்கு ஊர் தனித்தனியாகச் சேமியுங்கள். உங்கள் லேப்டாப்பில் அடிக்கடி நின்றால், கூடுதல் நினைவகத்தைப் பயன்படுத்தவிடும் 4 ஜிபி பேட்ச் என்று ரசிகர்கள் செய்தது ஒன்று இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வருகிறேன், நானே போட்டுத் தருகிறேன். அத்தையிடம் சொல்லி வையுங்கள், மதியச் சாப்பாடு அங்கேதான்.

கடைசியாக, நீங்கள் வாங்கியது எல்லாக் கூடுதல் கதைகளும் சேர்ந்த பதிப்பு. அதனால் ஆரம்பத்திலேயே பிப்-பாய் ரேடியோவில் புதுப் புது அலைவரிசைகள் தெரியும். கேட்கலாம், ஆனால் அது கூப்பிடும் இடத்துக்கு இப்போது போகாதீர்கள். ஒன்றில் உங்கள் சாமான் அத்தனையையும் பிடுங்கிக்கொண்டுதான் உள்ளே விடுவார்கள். 20-ஆவது நிலை தாண்டட்டும். அதுவரை மிஸ்டர் நியூ வேகாஸ் பாட்டுப் போடும் நிலையத்தை வைத்துக்கொண்டு நடங்கள்.

நோவாக் போய்ச் சேர்ந்ததும் ஃபோன் பண்ணுங்கள். சாலையோரம் பெரிய டைனோசர் பொம்மை நிற்கும், தவறவே விடமாட்டீர்கள். ராத்திரி நேரத்தில் அதன் வாய்க்குள் ஏறுங்கள், பூன் என்று ஒருவன் துப்பாக்கியோடு காவல் இருப்பான். முதலில் அவனிடம் பேசுங்கள், அவன் கேட்கிற வேலையை அவசரப்படாமல், ஊர் முழுக்க விசாரித்து, ஆதாரம் கையில் கிடைத்த பிறகு செய்யுங்கள்.

அன்புடன்,
உங்கள் மாப்பிள்ளை